சில்லு மாறலாம், வரி மாறக் கூடாது

அலுவலகக் கணினிகளை இன்டெல் வகைச் சில்லிலிருந்து ஆர்ம் வகைச் சில்லுக்கும், மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸுக்கும் மாற்றப் போகிறோம் என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி ‘பழைய சாஃப்ட்வேர் எல்லாம் ஓடுமா?’ என்பதுதான். பெரும்பாலும் ஓடும். மாட்டிக்கொள்வது சாஃப்ட்வேர் அல்ல, இத்தனை வருடம் சேர்த்துவைத்த கோப்புகள்.

முதலில் சில்லைப் பார்த்துவிடுவோம். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான கட்டளை ஒரு பைட் நீளமும் இருக்கலாம், 15 பைட் வரையும் போகலாம். 64 பிட் ஆர்ம் சில்லுக்கு எந்தக் கட்டளையும் 4 பைட்தான். ஒன்றுக்காகத் தொகுத்த (கம்பைல் செய்த) நிரல் இன்னொன்றுக்கு வெறும் குப்பை. நடுவில் ஒரு பெயர்ப்பான் வேண்டும். ஆப்பிள் 2020-இல் எம்1 சில்லைக் கொண்டுவந்தபோது ரொசெட்டா 2 என்ற பெயர்ப்பானையும் சேர்த்தே தந்தது. அது நிரலை முன்கூட்டியே பெயர்த்து வட்டில் வைத்துக்கொள்ளும். ஆர்ம் விண்டோஸ், நிரல் ஓட ஓடப் பெயர்த்து, பெயர்த்த துண்டுகளை அடுத்த முறைக்குச் சேமிக்கும். திரையில் வரைவது, கோப்பைப் படிப்பது போன்ற வேலைகளை நிரல் இயங்குதளத்திடம் விட்டுவிடுகிறது. அந்த இயங்குதளமோ ஆர்முக்கென்றே தொகுத்தது. ஆகவே கடிதம் தட்டுபவருக்குப் பெயர்ப்பின் சுமை தெரியவே தெரியாது.

பொறியாளர்களைப் படுத்திய சங்கதி வேறு. ஒரே சில்லுக்குள் இருக்கும் பல கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) ஒரே நினைவகத்தில் எழுதும்போது, ஒரு கோர் எழுதிய வரிசை மாறாமல்தான் மற்ற கோர்களுக்குத் தெரியும் என்று இன்டெல் வகை உறுதி தருகிறது. ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. அதை நம்பி எழுதிய நிரல் எப்போதாவது, காரணம் தெரியாமல் தடுமாறும். ஆப்பிள் தன் சில்லுக்குள்ளேயே இன்டெல் ஒழுங்கைப் பின்பற்றும் ஒரு நிலையை வைத்து இதைத் தீர்த்தது. அழகான வேலை.

பெயர்ப்பான் கை வைக்காத இடம் ஒன்று உண்டு: கருவிகளை இயக்கும் நிரலான டிரைவர். இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடும் டிரைவரை யாரும் பெயர்ப்பதில்லை. ஆர்முக்கென்றே எழுதியது வேண்டும். பழைய பிரிண்டர், ஸ்கேனர், விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றைத் தயாரித்தவர் புது டிரைவர் தராவிட்டால் அந்தக் கருவி அந்தக் கணினியில் கிடையாது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய பட்டியல் இதுதான். மென்பொருள் பட்டியல் அப்புறம்.

இனி கோப்பு. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் அடுக்கியிருக்கும். எழுத்து, அதன் ஃபான்ட் பெயர், அளவு, ஓர விளிம்பு எல்லாம் உண்டு. வரி எங்கே உடைகிறது, பக்கம் எங்கே முடிகிறது என்பது மட்டும் அதில் இல்லை. கடைசியாகத் திறந்தபோது பக்கம் முடிந்த இடத்துக்கு ஓர் அடையாளம் சில சமயம் இருக்கும். அதையும் யாரும் நம்புவதில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மென்பொருள் ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் கூட்டி, இடம் தீர்ந்தால் அடுத்த வரிக்குத் தாவி, பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது.

ஆகவே எழுத்தின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கலிப்ரி மைக்ரோசாஃப்டின் உடைமை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் கணினியில் அது இருக்காது. வேறொரு ஃபான்ட் அந்த இடத்துக்கு வந்து, எழுத்துக்கு மயிரிழை அகலம் கூடினாலும், வரி ஒன்று நீண்டு, பத்தி ஒன்று வளர்ந்து, கையெழுத்திடும் இடம் தனியாக மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். இதற்கென்றே செய்தவைதான் கார்லிட்டோ, லிபரேஷன் போன்ற ஃபான்ட்கள். கார்லிட்டோவின் எழுத்து வடிவம் கலிப்ரியைப் போல் இருக்காது. அகலம் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் அந்த வேலையைச் செய்கிறது. இந்த ஃபான்ட்களை நிறுவாமல் ‘லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றையும் கலைத்துவிடுகிறது’ என்பது அநியாயம். அனுப்புநர், பெறுநர் முகவரிகளை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கிய கடிதத்தை எந்த ஃபான்ட்டாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தரம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இரண்டு இருக்கின்றன. லிப்ரே ஆஃபிஸின் கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006-இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரமானது. மைக்ரோசாஃப்டின் வடிவம் 2008-இல். இரண்டாவதில், ‘வேர்ட் 95 செய்ததைப் போல இடைவெளி விடு’ என்ற பொருளில்கூட ஓர் அமைப்பு உண்டு. வேர்ட் 95 என்ன செய்தது என்பதை அதன் முதல் வரைவு சொல்லவில்லை; வெளியிலிருந்து எழுதுபவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எக்ஸெல் இன்னும் வேடிக்கை. தேதி அதற்குள் வெறும் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1. ஆனால் 1900-இல் பிப்ரவரி 29 இருந்ததாக எக்ஸெல் நினைக்கிறது. எக்ஸெலுக்கு முந்தைய கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 செய்த பிழையை, அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். லிப்ரே ஆஃபிஸ் அந்தப் பொய் நாளை ஏற்காமல், பூஜ்ய நாளை 1899 டிசம்பர் 30-க்குத் தள்ளிவிட்டது. அதனால் 1900 மார்ச் 1 இரண்டிலும் 61. அதன் பிறகு வரும் தேதிகளில் வித்தியாசமே இல்லை. சூத்திரங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் மேக்ரோதான் முழுதும் ஒத்துப்போகாது. எக்ஸெலின் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோக்களில் சிலவற்றை லிப்ரே ஆஃபிஸ் ஓட்டும். அவுட்லுக் இல்லாத கணினியில் அதைக் கூப்பிட்டு மெயில் அனுப்புகிற மேக்ரோ வந்தால் அங்கேயே நின்றுவிடும். அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

தமிழ் அலுவலகங்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்ட்கள் காலத்துக் கோப்புகளில் இருப்பது தமிழே அல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் முகம் தருகிறது, அவ்வளவே. ஃபான்ட் இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். ‘கெ’ எழுத கொம்பு முதலில், க பிறகு பதியும். எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் க முதலில். ஆகவே தேடலும் அகர வரிசையும் பாழ். தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும், தமிழுக்கென்றே செய்த டேஸ்16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகளை எழுத்துமாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுத்தான் புதுக் கணினிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வரிசையை அறிந்து செய்தவர்கள் பிரான்ஸின் ஜாந்தார்மரி காவல்படையினர். 2005 வாக்கில், விண்டோஸ் இருந்த நிலையிலேயே, லிப்ரே ஆஃபிஸின் முன்னோடியான ஓப்பன் ஆஃபிஸுக்கு மாறினார்கள். பிறகு இணைய உலாவி ஃபயர்ஃபாக்ஸ், மெயில் மென்பொருள் தண்டர்பேர்ட். ஆட்களின் கையும் கோப்புகளும் பழகிய பின்பு, 2008 முதல், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு. அடியில் இயங்குதளம் மாறியபோது மேலே தெரிந்த மென்பொருள்கள் பழையவையே. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்குப் போக முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. துறைதோறும் சிதறிக் கிடந்த கடித மாதிரிகளை (டெம்ப்ளேட்) ஒழுங்குசெய்ய வொல்மக்ஸ் என்ற கருவியைத் தானே எழுதிக்கொண்டது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதில் தொழில்நுட்பம் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை.

சிறிய அலுவலகத்துக்கும் ஜாந்தார்மரி வரிசையே பொருந்தும். இருக்கிற கணினியிலேயே லிப்ரே ஆஃபிஸ், கார்லிட்டோ; பழைய தமிழ்க் கோப்புகளுக்கு யூனிகோடு; வெளியே போகும் கடிதம் பிடிஎஃப்பாக, ஏனென்றால் அதில் மட்டும்தான் வரியும் பக்கமும் உறைந்திருக்கும். புதுக் கணினி வாங்குவது அதற்குப் பிறகு. கணக்கு மென்பொருள் டேலி ஓடும் கணினியையும் டோக்கன் செருகும் கணினியையும் அப்படியே விட்டுவைக்கலாம்.