நேவ்: தரையில் நிற்கும் கப்பல்

நகர மையத்துப் பழைய தேவாலயம் ஒன்றின் வாசலைத் தாண்டியதும் நாம் நிற்கும் நீண்ட கூடம்தான், ஆங்கிலத்தில் ‘நேவ்’ (nave). பலிபீடப் பகுதிக்கு முன்னால் அது முடிந்துவிடும். மக்கள் அமர்ந்து வழிபடுவது இங்கேதான்.

லத்தீனில் ‘நாவிஸ்’ என்றால் கப்பல்; அதுவே இச்சொல்லின் மூலம். ஆங்கிலத்துக்கு வந்த வடிவத்தில் கப்பல் மறைந்துவிட்டது. ஜெர்மன்காரர்களோ இன்றும் இந்தக் கூடத்தை ‘ஷிஃப்’, கப்பல் என்றே சொல்கிறார்கள். (ஆங்கில அகராதியில் சக்கரத்தின் குடத்துக்கும் இதே எழுத்துகளில் ஒரு சொல் உண்டு. அது வேறு வேர். மொழிபெயர்ப்பவர்கள் ஏமாற வேண்டாம்.)

ஏன் கப்பல்? மரக்கூரை போட்ட தேவாலயத்தில் அண்ணாந்து பார்த்தால், வளைந்து இறங்கும் உத்தரங்கள் கவிழ்த்துப் போட்ட படகின் விலா எலும்புகளாகத் தெரியும். ஆனால் கூரை மட்டும் காரணமல்ல. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘திருத்தூதர் சட்டங்கள்’ என்ற திருச்சபை நூல், தேவாலயம் கப்பலைப் போல நீளமாக, கிழக்கு நோக்கி இருக்கட்டும் என்கிறது. ஆயர் கப்பல் தலைவர், திருத்தொண்டர்கள் மாலுமிகள், சபையார் பயணிகள்!

வடிவம் வந்தது ரோமானியரின் பொதுமண்டபமான பசிலிக்காவிலிருந்து. இருபுறமும் தூண் வரிசை, அதற்கப்பால் தாழ்ந்த பக்கக் கூடங்கள். நேவின் சுவர் அவற்றுக்கு மேலே எழும்பி நிற்பதால் அதில் ஜன்னல் வைக்க முடிந்தது. வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்குகிறது. பிரான்சின் பொவே பேராலயத்தில் பலிபீடப் பகுதியின் உட்கூரை 48 மீட்டர் உயரம். நேவ் மட்டும் கட்டப்படவே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் 10ஆம் நூற்றாண்டுச் சிறு தேவாலயத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘மையப்பகுதி’ எதற்கும் பொருந்தும் தளர்ந்த சொல். கப்பலுக்கான பழந்தமிழ்ச் சொல் ‘நாவாய்’ ஆசை காட்டுகிறது. அதுவும் ‘நாவிஸ்’ உம் ஒரே குடும்பம் என்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் கடலோடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்று குறளே சொல்லிவிட்டதே! என் தேர்வு ‘நடுக்கூடம்’. பக்கக் கூடத்தோடு இணை சேர்கிறது, படித்ததும் இடம் புரிகிறது. பக்கக் கூடங்களே இல்லாத சிறிய தேவாலயமானால் வெறும் ‘கூடம்’ போதும்.