லென்ஸ் மேல் பழி போடாதீர்கள்: வெளிநாட்டு டிவிடியும் ரீஜன் பூட்டும்

கிருஷ்ணகிரியில் டிவி, டிவிடி பிளேயர் பழுது பார்க்கிறேன். போன வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய டிவிடிகள் ஓடவில்லை. வேறொரு கடையில் "லென்ஸ் போச்சு" என்று, டிஸ்க்கைப் படிக்கும் அந்தப் பாகத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "மாத்தியும் ஓடலையே தம்பி" என்றார். டிஸ்க்கைப் பார்த்தால் முழுக்க மங்கல். கீறல் என்று யாரோ சொன்னதை நம்பி, பற்பசை போட்டு வட்டவட்டமாகத் தேய்த்திருக்கிறார். (டிஸ்க்கைத் துடைப்பதானால் மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான்.) உண்மையான காரணம் ரீஜன் பூட்டு. இந்தக் கதை என் கடைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

டிவிடி உறையின் பின்பக்கம் பட்டாணி அளவில் ஒரு உலக உருண்டைப் படமும் அதற்குள் ஒரு எண்ணும் இருக்கும். அந்த டிஸ்க் எந்த நாடுகளுக்கானது என்று சொல்லும் ரீஜன் எண் இது. அமெரிக்கா, கனடாவுக்கு 1. ஐரோப்பா, ஜப்பான், துபாய்ப் பக்கம் 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியா 4. இந்தியாவுக்கு 5. எந்த நாட்டில் எப்போது, என்ன விலைக்கு விற்பது என்பதைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ளப் படக் கம்பெனிகள் போட்ட பூட்டு இது. 5 என்று அமைத்த பிளேயர் 1 போட்ட டிஸ்க்கை ஓட்டாது.

திரையில் 'ராங் ரீஜன்' என்று வருகிறதா? அப்படியென்றால் உங்கள் லென்ஸ் நன்றாக இருக்கிறது. அந்த எண் டிஸ்க்குக்குள்தான் பதிவாகியிருக்கிறது, லென்ஸ் அதைப் படித்ததால்தான் பிளேயர் மறுக்கிறது. லென்ஸ் போயிருந்தால் 'நோ டிஸ்க்' என்று வரும், உள்ளூரில் வாங்கிய டிஸ்க்கும் ஓடாது. சந்தேகமா, வீட்டிலிருக்கும் பழைய படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் லென்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பவர்களே, ரீஜனை மாற்றட்டுமா என்று கேட்டால் யோசிக்காமல் ஓகே அழுத்தாதீர்கள். 5 தடவைதான் மாற்ற முடியும். அதன் பிறகு, கடைசியாக வைத்த ரீஜனிலேயே டிரைவ் (கம்ப்யூட்டரில் டிஸ்க் போடும் பாகம்) நின்றுவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் பயனில்லை, கணக்கு டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. இதைச் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை, பூட்டிய பிறகு கொண்டுவருகிறார்கள்.

டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் ப்ளூரே டிஸ்க்கில் எண்ணுக்குப் பதில் எழுத்து: அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் ஏ; ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி; இந்தியா சி. எல்லா ப்ளூரேவிலும் பூட்டு இருக்காது. அதைவிடத் தெளிவான 4கே டிஸ்க்கில் ரீஜன் பூட்டே கிடையாது, ஆனால் அதே பெட்டியில் வரும் சாதா ப்ளூரேவில் இருக்கலாம்.

புதிதாக பிளேயர் வாங்குபவர்கள் எல்லா ரீஜனும் ஓடும் மாடலா என்று கேட்டு, கடையிலேயே உங்கள் டிஸ்க்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிவிடிக்கு எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரில்கூட ப்ளூரே பூட்டு அப்படியே இருப்பதுண்டு, அதையும் தனியாகக் கேளுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பா அம்மாவுக்கு டிஸ்க் வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 0 அல்லது 'ஆல்' என்று இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். வேறு எண் இருந்தால், பணம் கட்டுமுன் வீட்டிலிருக்கும் பிளேயரின் மாடல் நம்பரை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.