கோந்தோலே: தமிழில் நெளிவு

பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளை, அதாவது புதுச்சேரி முதலான பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் தலைகளை, சேர்க்கத் தொடங்கினால் பிரெஞ்சு விலைப்பட்டியல்களையும் ஏலக் குறிப்புகளையும் படித்துத்தான் ஆக வேண்டும். அவற்றில் ‘கோந்தோலே’ என்ற சொல் எதிர்ப்படும். தபால்தலையின் தாள் தட்டையாக இல்லை, ஏறி இறங்கியிருக்கிறது என்பது பொருள். ஆங்கிலக் குறிப்புகளில் இதுவே ‘வார்ப்’.

கோந்தோலே என்றதும் நம் காதில் கோந்து என்று விழும். தலையின் முதுகில் இருப்பது கோந்து, தாளை வளைப்பதும் பெரும்பாலும் அதுதான் என்பதால், இரண்டும் ஒரே வேர் என்று நினைக்கத் தோன்றும். உறவு கிடையாது. கோந்து இந்தியிலிருந்து வந்த சொல். நம்முடைய சொல் பிசின். கோந்தோலே கொண்டோலாவிலிருந்து பிறந்தது. கொண்டோலா என்பது வெனிஸ் நகரக் கால்வாய்களில் ஓடும், இரு முனையும் மேலே தூக்கிய படகு. பலகையோ தாளோ அப்படி முனை தூக்கிக்கொண்டால், பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் படகின் பெயரையே வினையாக்கிச் சொன்னார்கள்.

ஆங்கிலச் சொல் வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் அதன் வேர் எறிதலைக் குறித்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கும் அதே பெயர். அதைத் தமிழில் பாவு என்கிறோம். மரம் கோணிக்கொள்வது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உருக்குலைவு’ என்று எழுதுகிறார்கள், ‘திரிபு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. உருக்குலைந்தது என்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆகிவிடும். திரிதல் என்பது ஒன்று வேறொன்றாக மாறுவது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ‘ன்’ என்பது ‘ற்’ ஆகிறதே, இலக்கணத்தில் அது திரிதல். பால் திரிந்தாலும் பழைய பாலாகத் திரும்பாது. தாளின் குறை அப்படிப்பட்டதல்ல, பக்குவமாகக் கையாண்டால் சரியாகும். அதற்கு நெளிவு என்ற சொல்லே போதும். தகரம் நெளிந்துவிட்டது, தட்டு நெளிந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறோம். பொருள் அதேதான், வடிவம் மட்டும் விலகியிருக்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நெளிவையும் மடிப்பையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. நெளிவில் தாளின் நார்கள் முழுசாக இருக்கின்றன, ஈரத்தாலும் இழுப்பாலும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். மடிப்பில் நார் முறிந்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரியும். ஒரே திசையில் குழல் போல உருண்டால் அதைச் சுருளல் என்று தனியாகச் சொல்லலாம். அதுவும் நெளிவின் உறவுதான்.

காரணம் நாரிலேயே இருக்கிறது. இயந்திரத்தில் தாள் ஓடும்போது நார்கள் ஓட்டத்தின் போக்கில் படுத்துக்கொள்கின்றன. ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் குறுக்கே பருக்கும், நீளத்தில் அநேகமாக மாறாது. அதனால் தாள் ஒரு பக்கமாகவே விரிகிறது. இதோடு முதுகில் கோந்துப் பூச்சும் சேர்கிறது. காற்று வறண்டால் கோந்து சுருங்கித் தாளைத் தன் பக்கம் இழுக்கும். பழைய ஆல்பங்களில் தலையைப் பக்கத்தோடு ஒட்டிய சிறு கீல்தாளை எச்சில் தொட்டு அழுத்தியிருப்பார்கள். அந்த இடம் மட்டும் காய்ந்து இழுத்து, நடுவில் ஒரு மேடு நிற்கும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதெல்லாம் கண்முன்னே நடக்கும். தாளுக்கு 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் நல்லது. கடலோரக் காற்று அதைத் தாண்டியே நிற்கும். தொடர்ந்த ஈரத்தை விட ஏற்ற இறக்கம் கெடுதல். இரவு முழுக்க ஏசி ஓடி, பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் தாள் தினமும் விரிந்து சுருங்கும். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வையுங்கள். அடுக்கினால், ஈர நாட்களில் கோந்துள்ள தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

நெளிவை நீக்கும் வேலைக்கு ‘பழுதுபார்த்தல்’ என்ற சொல் வேண்டாம். தபால்தலை உலகில் அது கிழிசலை ஒட்டியது, துளைப் பல் இல்லாத ஓரத்தில் பல் வெட்டியது, புதிதாகக் கோந்து பூசியது போன்ற தலையீடுகளைக் குறிக்கும். அதைச் சொல்லாமல் விற்பது மோசடி. நெளிவுக்குச் செய்வது படியவைத்தல். எண்ணெய் தடவி முடியைப் படியவைப்பது என்று சொல்கிறோமே, அதே சொல். முறுக்கவோ தேய்க்கவோ செய்யாமல், தானாக அடங்கிக் கிடக்கச் செய்வது.

முத்திரை குத்திய, கோந்து போன தலையென்றால் வேலை எளிது. முதலில் மையைச் சோதிக்க வேண்டும்: ஓரத்தில் ஈரப் பஞ்சு நுனியைத் தொட்டு, ஒற்றுத்தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊதாவும் சில சிவப்புகளும் தண்ணீரில் கரைந்துவிடும். நிறமேற்றிய தாளில் அச்சானவற்றிலும் கவனம் தேவை. 1892-இல் வந்த பிரெஞ்சிந்தியாவின் முதல் தனித் தலைகள் அப்படிப்பட்டவை. மை இறங்கவில்லை என்றால் தலையைச் சாதாரணத் தண்ணீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, இடுக்கியால் எடுத்து, ஒற்றுத்தாளில் முகம் கீழாக வைக்க வேண்டும். பாதி காய்ந்ததும் இரண்டு உலர்ந்த ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம். ஒற்றுத்தாள் ஈரமானால் மாற்ற வேண்டும். ஓரிரு நாள் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. அவசரத்தில் எடுத்தால் மறுபடி நெளியும்.

கோந்துள்ள புதுத் தலைக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. வழவழப்பான தாள்களுக்கு நடுவே, லேசான கனத்தில், வறண்ட பருவத்தில் சில வாரம் வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காததை விட்டுவிடுவதே மேல். அசல் கோந்து நெளிவை விட மதிப்புள்ளது. இஸ்திரிப் பெட்டியை யாரும் எடுக்க வேண்டாம். சூடு தாளைப் பழுப்பாக்கும், கோந்தை இளக்கும். புடைப்பு அச்சுத் தலைகளுக்கு, 1852-இல் சிந்துப் பகுதியில் வந்த ‘சிந்து டாக்’ தலை மாதிரி, கனம் வைப்பதும் ஆகாது. புடைப்பு அமுங்கினால் தலையே போயிற்று.

இந்த ஊர்த் தலைகளில் இன்னொரு சொல்லும் இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1923-இல் ஏற்கெனவே அச்சான தலைகளின் மீது மதிப்பை மாற்றி மேலச்சு போட்டபோது ‘காஷ்’, ‘ஃபனோன்’ என்ற அலகுகள் வந்தன. 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். காஷ் நம்முடைய காசு, ஃபனோன் நம்முடைய பணம். இரண்டும் பிரெஞ்சு எழுத்தில் திரும்பி வந்தவை. காசும் பணமும் அச்சான தலைக்கு வந்த குறையை நெளிவு என்று தமிழிலேயே எழுதுவதில் என்ன தடை?

விற்பனைக் குறிப்பில் இப்படி எழுதினால் போதும்: ‘நெளிவு இருந்தது, படியவைக்கப்பட்டது, கோந்து இல்லை, மடிப்பு இல்லை.’ மடிப்பு இருந்தால் அதையும் எந்த மூலையில் என்று சேர்த்து எழுத வேண்டும்.