கிறிஸ்துமஸ்: பிறந்தநாளா, பிறப்பு விழாவா?

கிறிஸ்துமஸ் என்ற சொல்லில் 'பிறப்பு' என்ற பொருளே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அது 'கிறிஸ்தெஸ் மாஸ்ஸெ', அதாவது கிறிஸ்துவின் பூசை. எழுத்தில் அச்சொல் முதலில் கிடைப்பது 1038இல்.

கிறிஸ்து என்பது இயேசுவின் பெயரில் பிற்பாதி அல்ல, பட்டம். எண்ணெய் பூசி ஏற்படுத்தப்பட்டவரைக் குறிக்கும் எபிரேய 'மஷியாக்' கிரேக்கத்தில் 'கிறிஸ்தோஸ்' ஆனது. தமிழில் அபிஷேகம் பண்ணப்பட்டவர், திருப்பொழிவு பெற்றவர். 'எக்ஸ்மஸ்' என்று சுருக்கினால் கிறிஸ்துவையே நீக்கிவிட்டதாகப் பலர் வருந்துகிறார்கள். வருந்தத் தேவையில்லை. அது ஆங்கில எக்ஸ் அல்ல. கிறிஸ்தோஸ் என்பதன் முதலெழுத்தான, X வடிவில் எழுதப்படும் கிரேக்க 'கி'.

'மஸ்' லத்தீன் 'மிஸ்ஸா'விலிருந்து வந்தது. வழிபாடு முடிந்ததும் 'இத்தே, மிஸ்ஸா எஸ்த்' என்று சொல்லி மக்களை அனுப்பிவைப்பார்கள். அனுப்பிவைத்தலைக் குறித்த சொல் நாளடைவில் முழு வழிபாட்டுக்கும் பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் பூசை, திருப்பலி என்பது இதைத்தான்.

பிறப்பைச் சொல்லும் சொல் இலங்கைத் தமிழில் உண்டு: நத்தார். போர்த்துக்கேய 'நத்தால்' தந்த சொல். அதன் வேர் பிறப்புக்குரியது என்னும் லத்தீன் 'நத்தாலிஸ்'. சிங்களத்திலும் நத்தல்தான்.

தமிழாக்கத்தில் தவறு நேர்வது 'கிறிஸ்து பிறந்தநாள்' என்று எழுதும்போது. அது ஒரு தேதியை உறுதி சொல்கிறது. நற்செய்தி நூல்களில் தேதியே இல்லை. டிசம்பர் 25ஐ ரோமின் 354ஆம் ஆண்டு நாட்காட்டித் தொகுப்பிலுள்ள ஒரு பட்டியலில் காண்கிறோம். அந்தப் பட்டியல் 336ஐச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதே தொகுப்பின் வேறொரு பகுதி, அதே நாளில் 'வெல்லப்படாதவனின் பிறப்பு, 30 தேரோட்டங்கள்' என்கிறது. வெல்லப்படாதவன் சூரியத் தெய்வம் என்பது பொதுவான கருத்து. பேரரசர் அவுரேலியன் 274இல் அத்தெய்வத்துக்குக் கோயில் எடுத்தார். திருச்சபை சூரிய விழாவை எடுத்துக்கொண்டது என்பார் இதைக் காட்டுவார்கள். மறுதரப்பின் கணக்கு வேறு: இயேசு மரித்த நாளாக எண்ணப்பட்ட மார்ச் 25ஐயே கருவுற்ற நாளாகவும் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. இரண்டும் ஊகங்களே. ஒன்றை முடிந்த உண்மையாக மேடையில் முழங்குவது சரியல்ல.

கொண்டாடலாமா என்ற கேள்வியும் பழையது. வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் கொடிய ஆட்சியாளர்களான பார்வோனும் ஏரோதும்தான் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஒரிஜன் சுட்டினார். வேதத்தில் கட்டளை இல்லை என்று பியூரிட்டன் எனப்பட்ட ஆங்கிலேயத் தூய்மைவாதிகள் எதிர்த்தனர். கத்தோலிக்கப் பூசையைச் சொல்லும் 'மஸ்' என்ற ஈறே அவர்களுக்கு உறுத்தியது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647இல் விழாவை ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். கிறிஸ்துமஸ் மரம் வைப்பதற்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் எரேமியா 10 செதுக்கிய சிலையைப் பற்றியது. அதை இங்கே இழுப்பது முறையல்ல. இதற்கு நேராகப் பேசும் இடம் ரோமர் 14:5-6. நாளை விசேஷமாக எண்ணுகிறவனையும் எண்ணாதவனையும் பவுல் அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறார். ஆகவே கட்டாயப்படுத்துவதும் தவறு, கொண்டாடுகிறவரைப் புறமதத்தார் என்பதும் தவறு.

'கிறிஸ்து பிறப்பு விழா' என்றே எழுதுங்கள். அது தேதியைச் சொல்லாமல் நிகழ்வை மட்டும் சொல்கிறது. ஜனவரி 6இல் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்துக் கொண்டாடும் ஆர்மேனியருக்கும், பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7இல் கொண்டாடும் ரஷ்யருக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.