கம்ப்யூட்டர்ல டிவி எப்படி வருது?

மானிட்டரும் டிவியும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கு, ஆனா கேபிள் வயரை நேரா மானிட்டர்ல சொருகி படம் பாக்க முடியாது, ஏன்னா மானிட்டர்ல ட்யூனர் கிடையாது. அந்த ஒத்த வயருக்குள்ள எல்லா சேனலும் ஒரே நேரத்துல வேற வேற அலைவரிசைல ஓடிட்டு இருக்கும், அதுல நமக்கு வேணுங்கிறதை மட்டும் பிரிச்சு எடுக்கிறதுதான் ட்யூனரோட வேலை.

நான் முதல்ல வாங்கினது சிபியூக்குள்ள சொருகுற டிவி ட்யூனர் கார்டு. அதுமேல சின்னதா ஒரு தகர டப்பா இருக்கும், அதான் ட்யூனர். பக்கத்துலயே பிடி878னு ஒரு சிப், அலையா வர்ற அனலாக் சிக்னலை நம்பரா மாத்தறது இதுதான். ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், செகண்டுக்கு 25 படம்னு கணக்கு போட்டா செகண்டுக்கு 20 எம்பிக்கு மேல வருது. கார்டு சொருகுற பிசிஐ ஸ்லாட் செகண்டுக்கு 133 எம்பி வரைக்கும் தாங்கும், அதனால பிரச்னை இல்ல, ஆனா பழைய யுஎஸ்பி 1.1ல ஒன்றரை எம்பிதான் போகும், அதான் அந்தக் காலத்து யுஎஸ்பி ட்யூனர்ல படம் தபால்தலை சைஸுக்கு வந்துச்சு. சவுண்டு தனிக்கதை, கார்டுலேர்ந்து சவுண்டு கார்டுக்கு ஒரு குட்டி வயர் போடணும், நான் அதைப் போடாம ஒரு நாள் முழுக்க டிரைவரை மாத்தி மாத்தி போட்டு ஊமைப்படம் பாத்தேன்.

இன்னொரு கூத்தும் இருக்கு. நம்மூர்ல அப்ப இருந்த அனலாக் டிவி சிக்னல்ல முழுப்படமும் ஒரே தடவைல வராது, முதல்ல ஒத்தப்படை வரி, அடுத்த 50ல ஒரு பங்கு செகண்டுல ரெட்டைப்படை வரி. பிக்சர் ட்யூப்ல இது கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ரெண்டையும் சேத்து ஒரே படமா காட்டும்போது அந்த இடைவெளில நகர்ந்ததெல்லாம் சீப்புப்பல் மாதிரி பிசிறடிக்கும், பவுலர் கையைச் சுத்தினா கை ஓரம் பூரா பல்லு பல்லா தெரியும். சாஃப்ட்வேர்ல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணா பல்லு போயிடும், கூடவே கொஞ்சம் தெளிவும் போயிடும்.

இதெல்லாம் வேணாம்னு நினைச்சவங்க எக்ஸ்டர்னல் டிவி பாக்ஸ் வாங்கினாங்க. அது மானிட்டர் வயருக்கு நடுவுல உக்காந்துக்கும், கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தேவையில்ல, ஆனா ரெக்கார்டு பண்ண முடியாது. எனக்கு ரெக்கார்டிங்தான் முக்கியம்.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் தகர டப்பாவுக்கு வேலை போச்சு. பாக்ஸ்லேர்ந்து படம் வர்ற மஞ்சள் வயரை கார்டுல சொருகலாம், சேனல் மாத்த பாக்ஸ் ரிமோட்தான். பாக்ஸோட ஹெச்டிஎம்ஐ வயர்ல பெரும்பாலும் காப்பிப் பூட்டு இருக்கும், அதை ரெக்கார்டு பண்ற கேப்சர் கார்டுல கறுப்புதான் தெரியும். டிஷ் இருந்தா சாட்டிலைட் கார்டு போட்டு பூட்டில்லாத இலவச சேனலைப் பாக்கலாம், இங்க சிக்னலே டிஜிட்டல், கார்டு அப்படியே டிஸ்க்ல எழுதிடும், படத்தரம் துளி குறையாது.

இப்ப பெரும்பாலும் நெட்லதான். லைவ் படத்தைச் சில செகண்டு துண்டுகளா வெட்டி அனுப்புவாங்க, பிளேயர் ரெண்டு மூணு துண்டு கைல சேர்ந்த பிறகுதான் ஓட்ட ஆரம்பிக்கும், அதனால எப்பவும் நாம கொஞ்சம் பின்னாடிதான் இருப்போம். பக்கத்து வீட்ல டிஷ். அங்க "சிக்ஸ்!"னு கத்தும்போது என் ஸ்கிரீன்ல பவுலர் இன்னும் பந்தைப் பேன்ட்ல தேச்சுட்டு நிப்பான். மேட்ச் அன்னிக்கு ஹெட்போன் மாட்டி, ஜன்னலையும் சாத்திடுறேன்.