காலா, உயிரா என்ற முடிவு ஊசியிலேயே தொடங்குகிறது

வளரும் பிள்ளைகளுக்கு வருகிற ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய், பாதிக்கு மேல் முழங்காலைச் சுற்றித்தான் வருகிறது. தொடை எலும்பு நீளுவதில் சுமார் 70 சதவீதம் அதன் கீழ்முனை வளர்ச்சித் தட்டில் நடக்கிறது; செல்கள் வேகமாகப் பெருகும் இடத்தில் பிசகும் அதிகம். விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் போட்டு நீவுவதிலும் கட்டுப் போடுவதிலும் வாரங்கள் ஓடிவிடுகின்றன. ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் நாளுக்கு நாள் பெருகும் வீக்கமும் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்ததும் அடுத்தது பயாப்ஸி, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து துளி திசு எடுத்துச் சோதிப்பது. சின்ன வேலை போலத்தான் தெரியும். ஆனால் கால் மிஞ்சுமா என்பது பல சமயம் இங்கேதான் முடிவாகிறது. கட்டிக்குள் போய்த் திரும்பும் ஊசி வழியில் புற்றுச் செல்களைச் சிந்திவிடலாம். அதனால் பிறகு கட்டியை எடுக்கும்போது, ஊசி போன தடத்தையும் தோலிலிருந்து எலும்பு வரை சேர்த்து ஒரே துண்டாக எடுப்பது வழக்கம். அப்படியென்றால் பெரிய ஆபரேஷனுக்குக் கத்தி எந்தக் கோட்டில் போகும் என்று முன்பே தீர்மானித்து, அதே கோட்டில் ஊசியை இறக்க வேண்டும். தொடையின் கீழ்முனையில் கட்டி என்றால் உள்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ ஒரே தசை வழியாகப் போவார்கள். நேர் முன்னால் குத்தினால் முழங்கால் சில்லுக்கு மேல் வரை நீண்டிருக்கும் மூட்டுப் பைக்குள் செல்கள் இறங்கிவிடக்கூடும். அப்புறம் மூட்டை முழுசாக எடுக்க வேண்டிவரும். பின்பக்கம் போனால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யையும் பயாப்ஸிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். குத்திய பின் கசியும் ரத்தம் படத்தைக் குழப்பும்.

அமெரிக்காவில் ஹென்றி மான்கினும் சக மருத்துவர்களும் 1982இல் 329 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். பயாப்ஸியில் நேர்ந்த பிழையால் மட்டுமே 4.5 சதவீதம் பேர் தேவையில்லாமல் உறுப்பை இழந்திருந்தார்கள். முதலில் பார்த்த இடத்தில் எடுத்த பயாப்ஸிகளில்தான் பிழைகள் அதிகம். சிகிச்சை முழுவதையும் செய்த மையங்களில் குறைவு. ஆபரேஷன் செய்யப்போகிறவரே பயாப்ஸியையும் எடுக்கட்டும், அல்லது அவர் சொல்லும் வழியில் எடுக்கட்டும் என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

பயாப்ஸி முடிவில் வேறு நோயின் பெயரும் வரலாம். பொதுவாகப் புற்றாக இல்லாத ராட்சத செல் கட்டி என்றால், பெரும்பாலும் சுரண்டி எடுத்து அந்தக் குழியை எலும்பு சிமென்ட்டால் நிரப்பினாலே போதும்.

ஆஸ்டியோசார்கோமா என்றால் முதலில் கீமோதெரபி. அது வருவதற்கு முன் காலை எடுத்த பிறகும் ஐந்தில் நான்கு பேர் நுரையீரலில் பரவி இறந்தார்கள். 1970களில் நியூயார்க்கில், உலோக மூட்டு செய்து வரும் வரை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் ஆபரேஷனுக்கு முன்பே மருந்தைத் தொடங்கினார்கள். இன்று அதுவே நடைமுறை.

பிறகு கத்தியின் முறை. நல்ல திசு சூழ, கட்டியை உடைக்காமல் எடுக்க முடியுமா? தமனியும் நரம்பும் விலகியிருக்கின்றனவா? முடியுமென்றால் காலை வைத்துக்கொள்வதால் ஆயுள் குறைவதில்லை. முடியாதென்றால் காலை எடுப்பதே உயிரைக் காக்கும் வழி. அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன்.

எடுத்த இடத்தில் பெரும்பாலும் மெகா புரோஸ்தெசிஸ் என்ற உலோக எலும்பையும் மூட்டையும் பொருத்துகிறார்கள். சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் ஒவ்வொருவர் அளவுக்கும் இவற்றைச் செய்து பொருத்தி, இந்தியாவில் இதற்கு வழிகாட்டினார். பத்து வயதுப் பையனுக்கு அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தொடையின் கீழ்முனை ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். கட்டியோடு அந்த வளர்ச்சித் தட்டும் போய்விடுவதால், பதினாறு வரை என்றால் அந்தக் கால் ஆறு சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். இதற்காகவே நீளும் உலோக எலும்பு இருக்கிறது. வெளியே சுழலும் காந்தப்புலத்துக்குள் காலை வைத்தால், நான்கு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். விலைதான் மலைக்க வைக்கிறது.

இன்னொரு வழி, 1974இல் வியன்னாவில் சால்சர் என்ற மருத்துவர் எலும்புக் கட்டி நோயாளி ஒருவருக்குச் செய்த சுழற்சி அறுவை. முழங்காலை எடுத்துவிட்டு, கீழ்க்காலை 180 டிகிரி திருப்பித் தொடையோடு இணைக்கிறார்கள். குதிகால் முன்னால் வரும். கணுக்கால் முழங்காலாக மடங்கும். அதன்மேல் செயற்கைக் காலை மாட்டினால் பிள்ளை ஓடலாம், பந்து உதைக்கலாம். உலோகம் தேய்ந்து மறுபடி ஆபரேஷன் என்ற கவலையும் இல்லை. படத்தில் பார்த்ததுமே பல பெற்றோர் வேண்டாம் என்றுவிடுவார்கள். ஏற்கெனவே இதைச் செய்துகொண்ட ஒரு பிள்ளை நடப்பதை நேரில் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் பதில் சொல்லலாம்.