எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி

கணினிக் கடையில் ‘பவர் சப்ளை’ என்று கேட்டால், ‘எஸ்எம்பிஎஸ்ஸா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ‘ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை’ என்னும் நான்கு சொற்களின் முதலெழுத்துகள் அவை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்தி, சிறியதொரு மின்மாற்றியின் வழியே தாழ்த்தி, மறுபடியும் நேர்திசையாக்கித் தரும் முறையையே முதலிரு சொற்கள் குறிக்கின்றன. அதிர்வெண் உயர உயர மின்மாற்றி சிறுக்கும். 50 ஹெர்ட்சிலேயே இயங்கிய பழைய வகைக்கு வேண்டியிருந்த கனத்த இரும்பு உள்ளகம் இதற்கு வேண்டாம். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியிலேயே இம்முறை இடம்பெற்றுவிட்டது.

தமிழில் இதை ‘மின்வழங்கல்’ என்றும் ‘மின்வழங்கி’ என்றும் எழுதுகிறார்கள். வழங்கல் என்பது செயலின் பெயர். மின்வாரியம் செய்வதும் மின்வழங்கலே. கருவிக்கு, கணினி, மின்மாற்றி போல இகரத்தில் முடியும் ‘மின்வழங்கி’யே பொருந்தும் என்பது என் துணிபு. ‘வழங்கி’ என்று மட்டும் சொன்னால் அது சர்வரைக் குறித்துவிடும் என்பதால் ‘மின்’ என்பதை விட்டுவிடலாகாது.

வழங்குதலுக்குக் கொடுத்தல் என்பதோடு, இடையறாது நடைபெறுதல் என்னும் பழம்பொருளும் உண்டு. ‘வானின்று உலகம் வழங்கி வருதலால்’ என்னும் குறளில் உலகம் எதையும் கொடுக்கவில்லை. மழை பொய்க்காமையால் நிலைபெற்று நடக்கிறது. திரையில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் இடையறாது வந்தாகவேண்டும் என்பதால், அதைப் பொறுத்தவரை இந்தப் பொருளே முதன்மையானது.

எடுத்துக்காட்டாக, ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் கொள்ளும். அதற்கு 550 வாட் மின்வழங்கியை என்விடியா பரிந்துரைக்கிறது. கார்டைச் செருகும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் தராது. எஞ்சியது மின்வழங்கியிலிருந்து நேரே வரும் கேபிளில் வரவேண்டும். அந்தக் கேபிளின் ஆறு ‘பின்’ (ஊசிமுனை) இணைப்பு 75 வாட்டும், எட்டு பின் இணைப்பு 150 வாட்டும் தரவல்லவை. ஏறத்தாழ இவை முழுவதும் 12 வோல்ட்டில் பாய்வதால், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைக் காட்டிலும், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரையே பார்த்து வாங்கவேண்டும்.

இதே கார்டைப் பொருத்தியிருந்த என் தம்பியின் கணினி, விளையாட்டின் நடுவே திடீர் திடீரென்று அணைந்துகொண்டிருந்தது. கேபினட்டோடு வந்த மின்வழங்கியில் 450 வாட் என்று போட்டிருந்தது. நான்கு திருகுகளையும் கழற்றி வெளியே எடுத்து லேபிளைப் பார்த்தால், 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்தான், அதாவது 216 வாட். கார்டுக்கு 170 போனால், பிராசசருக்கும் மற்றவற்றுக்கும் மிஞ்சுவது 46 வாட். எட்டு பின் கேபிள் அதில் இல்லாததால் மாட்டியிருந்த மாற்று இணைப்பில், 12 வோல்ட்டுக்குரிய மஞ்சள் கம்பியின் முனை பழுப்பேறியிருந்தது. 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் தரும் 550 வாட் மின்வழங்கியை மாற்றிய அன்றிரவு, அவன் தொடங்கிய ஆட்டத்தை முடிக்கும்வரை கணினி அணையவில்லை.